பழைய முதலாளியிடம் ஒரு மேசை கேட்பது எப்படி?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: ஒரே மாடிப்படிச் சுவரில் வரிசையாகப் பல பெயர்ப் பலகைகள். மேலே ஏறினால் இருப்பது ஒரு கூடமும் இரண்டு அறைகளும்தான். சீனியரிடம் பல வருடம் ஜூனியராக இருந்த வழக்கறிஞர், சொந்தமாக வக்காலத்துப் போடத் தொடங்கிய பிறகும் அதே கூரையின் கீழ் ஒரு மேசையோடு இருப்பார். சட்டப் புத்தக அலமாரி பொது, டைப்பிஸ்ட் பொது, காபி வாங்கி வருகிற பையனும் பொது. இதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

மற்றத் தொழில்களில்தான் கூச்சம். கட்டடக்கலை நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர், கஸ்டம்ஸ் கிளியரிங் கம்பெனியில் இருந்துவிட்டுச் சொந்த உரிமம் எடுத்தவர், ஆடிட்டர் அலுவலகத்தை விட்டு பிஎஃப், ஈஎஸ்ஐ ஆலோசனை தொடங்கியவர், இரண்டே பேர் கொண்ட மென்பொருள் குழு என எல்லோருக்கும் முதல் வருடத்தில் வேண்டியிருப்பது ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் அலமாரி, வாடிக்கையாளர் வந்தால் உட்காரவைக்க ஓர் அறை, அரசுப் படிவத்தில் எழுத ஒரு முகவரி. கொரோனாவுக்குப் பிறகு ஊழியர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அலுவலகங்களில் இவை நான்குமே சும்மா கிடக்கின்றன. ஆனாலும் ‘விட்டுட்டுப் போனவன் திரும்ப வந்து நிக்கிறான்னு நினைப்பாரோ’ என்ற எண்ணம் போனை எடுக்கவிடுவதில்லை.

கோவொர்க்கிங் இடங்கள் எதற்கு இருக்கின்றன என்று கேட்கலாம். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற மென்பொருள்காரர் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று கோயம்புத்தூர், மதுரை, திருச்சி வரை வந்துவிட்டது. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் மீட்டிங் அறைக்குத் தனி, பிரிண்டுக்குத் தனி, ஜிஎஸ்டி பதிவுக்கான ஆவணங்களுக்குத் தனி என்று கட்டணம் ஏறும். சொந்தமாக ஓர் அறை பிடிக்கலாம் என்றாலோ, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊர் சென்னை. பழைய அலுவலகம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அங்கே இன்னொரு லாபமும் உண்டு: வேலையில் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்கள் பக்கத்து மேசையில் இருப்பதால், சின்னச் சின்ன வேலைகள் அங்கிருந்தே வரும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர், நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் நின்றவர், கடைசிச் சம்பள பாக்கி இன்னும் தீராதவர் ஆகியோர் முதலில் அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். அதே தொழிலை, அதே ஊரில், அதே வகை வாடிக்கையாளருக்குச் செய்பவர் கேட்காமலிருப்பதே மரியாதை. அவர் கேட்டால் கிடைக்கவும் கூடும். கிடைத்த மூன்றாம் மாதம் சந்தேகம் தொடங்கும்.

*

விட்டுப்போன தொடர்பைத் திரும்பப் பிடிப்பது பலர் பயப்படுகிற அளவுக்குக் கடினமானது இல்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. டேனியல் லெவின், ஹோர்ஹே வால்டர், கீத் மர்னிகன் ஆகிய மூவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளை, மூன்று வருடங்களுக்கு மேல் பேசாமலிருந்த பழைய தொடர்புகளைத் தேடிப் பிடித்துத் தங்கள் வேலை பற்றி ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். பலர் தயங்கித்தான் போனார்கள். கிடைத்த ஆலோசனையோ, தினமும் பேசுகிறவர்கள் சொன்னதற்குக் குறையாத பயனுடையதாகவும், அதைவிடப் புதியதாகவும் இருந்தது. இடைவெளி விழுந்தாலும் பழைய நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை என்பதுதான் அதில் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது.

கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்கள் என்ற கணக்கும் பெரும்பாலும் தப்புக் கணக்கு. பிரான்சிஸ் ஃப்ளின்னும் வனெஸ்ஸா லேக்கும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஐந்து கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கிவரச் சொன்னபோது, சுமார் இருபது பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று பங்கேற்றவர்கள் நினைத்தார்கள். ஏறத்தாழப் பத்துப் பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்தது. தெரியாதவரே இப்படி என்றால், மூன்று வருடம் மாதச் சம்பளம் கொடுத்தவர் எதிரியாக மாறியிருக்க வாய்ப்பு குறைவு.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆயுத பூஜை அன்று பழைய ஊழியர்கள் அலுவலகத்துக்கு வந்து பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு போவது பல சிறு நிறுவனங்களில் இன்னும் உண்டு. தொடர்பைப் புதுப்பிக்க அதைவிட இயல்பான நாள் வேறில்லை. அன்று இடம் பற்றிப் பேசக் கூடாது. பத்துப் பேர் நடுவே கேட்கப்படும் உதவிக்கு ‘பார்க்கலாம்ப்பா’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்தப் ‘பார்க்கலாம்’ எதைக் குறிக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜை வருவது பெரும்பாலும் அக்டோபரில். இடம் தேவைப்படுவது மார்ச்சில் என்றால் காத்திருக்க வேண்டாம், நேராக எழுதிவிடலாம்.

எழுதுகிற முதல் செய்தியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘வணக்கம் சார், எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் நலமா? ஒரு நாள் நேர்ல பார்க்கணும் சார்’ என்று அனுப்புவது பணிவாகத்தான் தெரிகிறது. வாங்குகிறவர் மனதில் ஓடுவது வேறு: கடனா, சிபாரிசா, கல்யாணப் பத்திரிகையா? மூன்று நாள் கழித்துப் பதில் போடுவார், அல்லது போடமாட்டார். நலம் விசாரிப்பது நல்லதுதான். அதை முகமூடியாக மாட்டிக்கொள்வதுதான் பிடிபட்டுவிடும். எதற்கு எழுதுகிறோம் என்பதை அந்தச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன ஒருவர் இப்படி எழுதலாம்:

‘வணக்கம் சார். 2022 வரை நம்ம ஆபீஸில் மூன்று வருடம் இருந்தேன். இப்போது தனியாக பிஎஃப், ஈஎஸ்ஐ, சம்பளப் பட்டியல் வேலைகள் மட்டும் செய்கிறேன். ஆடிட், வரித் தாக்கல் எடுப்பதில்லை. ஆபீஸில் காலியாக ஒரு மேசை இருந்தால், ஆறு மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க விரும்புகிறேன். ஒரு மேசை, ஓர் அலமாரி போதும். வாரத்தில் நான்கு நாள் வருவேன். வாடகை, கரண்ட் செலவில் பங்கு இரண்டும் கொடுத்துவிடுகிறேன். பில்டிங் ஓனர் சம்மதம், ஜிஎஸ்டி முகவரி பற்றி நேரில் விவரமாகச் சொல்கிறேன். தோதுப்படாவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள் சார், வேறு இடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பத்து நிமிஷம் எப்போது வந்தால் வசதியாக இருக்கும்?’

இதில் யார், எத்தனை நாள், எவ்வளவு இடம், காசு உண்டா இல்லையா, என் வாடிக்கையாளரைத் தொடுவாரா மாட்டாரா என்ற எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ‘வேறு இடமும் பார்க்கிறேன்’ என்ற வரி முக்கியம். அது பொய்யாக இருக்கக் கூடாது. மறுத்தால் இவன் தெருவில் நிற்பானே என்ற பாரம் இல்லாதபோதுதான் ஒருவர் சரியான பதில் சொல்வார்.

சின்ன நிறுவனம் என்றால் முதலாளிக்கே எழுத வேண்டும். மேனேஜர் வழியாகப் போனால் விஷயம் வதந்தியாகத்தான் மேலே போய்ச் சேரும். பெரிய கம்பெனி என்றால் பழைய மேலதிகாரிக்குப் பாசம் இருக்கும், அதிகாரம் இருக்காது. இடத்தைக் கையாள்வது நிர்வாகப் பிரிவு, ஒப்பந்தத்தைப் பார்ப்பது சட்டப் பிரிவு. அங்கே மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது இடத்தை இல்லை, யாரிடம் கேட்பது என்ற தகவலை.

*

செய்தி போய், நேரில் வரச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இடம் கேட்பவர் தயாராகிக்கொண்டு போக வேண்டியது தன் தேவையைச் சொல்வதற்கு மட்டும் என்று நினைத்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் கேட்பதாக நினைப்பது ஒரு நாற்காலி. கொடுப்பவர் கையிலிருந்து போவது அவருடைய முகவரி. அந்த முகவரியில் அவருடைய வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அவருடைய வரிப் பதிவு இருக்கிறது, கட்டட உரிமையாளரோடு அவர் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அவர் மனதில் ஓடும் பயங்களை அவர் சொல்வதற்கு முன் எடுத்துப் பேசுகிறவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

முதல் பயம் வாடிக்கையாளர். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவுப்படி அது பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும் என்று கல்யாண் பகுதி ரேயான் ஆலையின் ஷிப்ட் மேற்பார்வையாளர் நிரஞ்சன் கோலிகரி வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1980-ல் கிருஷன் முர்காய் வழக்கில், வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை வைத்து அவரைத் தடுக்க அதே நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய முதலாளியின் அறையில் உட்கார்ந்துகொண்டு அதை எடுத்துச் சொல்வது முட்டாள்தனம். ரகசியத் தகவல்களைக் காப்பதற்கான கடமை வேலை முடிந்த பிறகும் தொடரக்கூடியது. அதைத் தவிர, ‘உங்கள் தற்போதைய வாடிக்கையாளர் யாராவது என்னை அணுகினால், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்’ என்று தானாக முன்வந்து எழுதிக் கொடுப்பது பேச்சை வேகமாக நகர்த்தும்.

அடுத்தது பில்டிங் ஓனர். பழைய முதலாளியே வாடகைக்குத்தான் இருக்கிறார் என்றால், இன்னொருவரை உள்ளே உட்காரவைப்பது உள்வாடகை ஆகிவிடுமோ என்ற கேள்வி வரும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துபூர்வ முன்சம்மதம் இல்லாத உள்வாடகையை அனுமதிப்பதில்லை. ‘ஓனர் நம்ம ஆள்தான், ஒண்ணும் சொல்லமாட்டார்’ என்பது சம்மதம் ஆகாது. ஓனர் காலமாகி, பிள்ளைகள் இடத்தை விற்க நினைக்கிறபோது இந்த ஒரு விஷயம் போதும், பழைய முதலாளியைக் காலி செய்யச் சொல்ல. ஒரு மேசைக்காக அவருடைய அலுவலகத்தையே பணயம் வைக்கச் சொல்லக் கூடாது. சம்மதக் கடிதத்தை வாங்கும் அலைச்சலை இடம் கேட்பவர் ஏற்றுக்கொள்வது நியாயம்; ஓனரைப் பார்க்கப் போகும்போது பழைய முதலாளியும் கூட வர வேண்டும்.

மூன்றாவது, அலுவலக ஊழியர்கள். இதை யாரும் பேசுவதில்லை. ஏற்பாடுகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். நேற்றுவரை ஒன்றாக டிபன் பாக்ஸைத் திறந்தவர் இன்று தனித் தொழில் செய்பவராகப் பக்கத்தில் உட்கார்ந்தால், ‘நாமும் போயிரலாமா’ என்று இரண்டு பேருக்காவது தோன்றும். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும், வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஊழியர்கள் யாரையும் வேலைக்கு எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதோடு, மேசையை அவர்கள் வரிசையிலிருந்து தள்ளி, வாசலுக்குப் பக்கமாகக் கேட்பது புத்திசாலித்தனம். காற்றோட்டமான இடம் போனால் போகட்டும்.

*

இனி காகிதம். உறவு நன்றாக இருக்கிறது, எழுத்தெல்லாம் எதற்கு என்று இரு தரப்பும் நினைக்கும் இடம் இது. எழுத்து வேண்டும் என்பதோடு, எழுத்துக்கும் நடைமுறைக்கும் பொருத்தமும் வேண்டும் என்பதற்கு டில்லியில் நடந்த ஒரு வழக்கு இன்றுவரை எடுத்துக்காட்டு.

புதுடில்லி இம்பீரியல் ஹோட்டலில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருந்த ‘க்ளோக் ரூம்’ அறைகளில் ஆர்.என். கபூர் என்பவர் முடிதிருத்தும் தொழில் நடத்திவந்தார். 1949-ல் எழுதப்பட்ட பத்திரத்தில் வருடத்துக்கு 9,600 ரூபாய், நான்கு தவணை. பத்திரம் தன்னை ‘லைசென்ஸ்’ என்று, அதாவது வெறும் அனுமதி என்று சொல்லிக்கொண்டது. அனுமதி என்றால் இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-ன் 52-வது பிரிவு. சொத்தில் எந்த உரிமையும் வராது. குத்தகை என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 105-வது பிரிவு. இடத்தின் மீதே உரிமை வந்துவிடும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959-ல் பெரும்பான்மை நீதிபதிகள், மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் இது குத்தகைதான் என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதில் வகுத்துச் சொன்ன அளவுகோல்கள் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றன: தலைப்பைப் பார்க்காதே, இரு தரப்பின் நோக்கத்தைப் பார், அந்த இடம் ஒருவருடைய தனிப் பிடியில் விடப்பட்டிருந்தால், முதல் பார்வைக்கு அவர் குத்தகைதாரர்.

மேசை கேட்பவருக்கு இதில் பாடம் இருக்கிறது. பூட்டி வைத்துக்கொள்ளும் தனி அறையைக் கேட்டால், பழைய முதலாளியின் வக்கீல் பயப்படுவார், பயப்படவும் வேண்டும். பொதுக்கூடத்தில் ஒரு மேசை, எது என்பதை அலுவலகமே தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம், கதவுச் சாவி அலுவலகத்திடமே, அலுவலக நேரத்தில் மட்டும் பயன்பாடு, 11 மாதம், இரு பக்கமும் 30 நாள் அறிவிப்பு என்று எழுதினால் அது உண்மையிலேயே அனுமதி ஒப்பந்தம். தனி அறைதான் வேண்டும் என்றால், அதைக் குத்தகை என்றே ஒப்புக்கொண்டு, வாடகைச் சட்டப்படி எழுதி, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்துவிட வேண்டும். ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றை நடத்துவதுதான் ஆபத்து.

சொந்தச் செலவில் தடுப்புச் சுவர் எழுப்புகிறேன், ஏசி போடுகிறேன் என்று ஆர்வத்தில் சொல்லிவிட வேண்டாம். அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான வேலைப்பாடு கட்டியவரின் அனுமதியை ரத்து செய்ய முடியாது என்று அதே வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. சட்டம் தெரிந்த முதலாளி அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிடுவார்.

*

வாடகை விஷயத்தில் ‘அதெல்லாம் எதுக்குப்பா, நீ நம்ம பையன்’ என்பார் சிலர். மனம் நெகிழ்ந்துபோகலாம், ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஓசியில் உட்கார்ந்தவரிடம் ‘இந்த ஃபைலைக் கொஞ்சம் பார்த்துடு’ என்று சொல்வது யாருக்கும் எளிது, மாட்டேன் என்று சொல்வது அவருக்குக் கடினம். ஆறு மாதத்தில் சம்பளமில்லாத ஊழியராகியிருப்பார்.

தொகையைக் கணக்குப் போட்டே சொல்லலாம். அலுவலகத்தின் வாடகை, மெயின்டனன்ஸ், ஈபி பில், இணையம், கூட்டித் துடைக்கும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000 ரூபாய், மொத்தம் 20 இருக்கைகள் என்றால், ஓர் இருக்கைக்கு 6,000. அதைச் சொல்லி, இரண்டு மாத அட்வான்ஸும் கொடுப்பதாகச் சொன்னால் பேரம் நீளாது. ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கரண்ட் பங்கை மட்டும் தனியாகக் கழித்துத் தீர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. கோடைகால ஏசி பில்லில் வரும் மனஸ்தாபத்தை அது தவிர்க்கும்.

சிலர் வாடகைக்குப் பதில் வேலை என்பார்கள்: ‘வாரம் ஒரு நாள் நம்ம சம்பளப் பட்டியலைப் பார்த்துக்கோ, வாடகை வேண்டாம்.’ செய்யலாம். ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனி பில் போட்டு, பணம் வங்கி வழியாகப் போய் வர வேண்டும். பண்டமாற்றும் ஜிஎஸ்டி சட்டத்தின் பார்வையில் வழங்கல்தான். பணம் கைமாறவில்லை என்பதால் வரி இல்லாமல் போகாது. வருமானத்தில் சதவீதம் தருகிறேன் என்று பேசுவதும் எல்லோருக்கும் சரிப்படாது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிட இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை போடுகின்றன. பட்டயக் கணக்காளர்களுக்கும் அவர்களுடைய 1949-ம் வருடச் சட்டத்தின் முதல் அட்டவணை அதுபோன்ற கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. அவர்கள் நிலையான மாத வாடகையோடு நிற்பது நல்லது.

வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய முதலாளி பதிவு பெற்றவர் என்றால் பில்லில் சேர்த்துப் போடுவார். இடம் எடுப்பவரும் பதிவு பெற்றவராக இருந்தால், தகுதியுள்ள வரை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கொடுப்பவர் பதிவு பெறாதவர், எடுப்பவர் பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை எடுப்பவரே நேரடியாகக் கட்ட வேண்டும்; காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு. டிடிஎஸ் பற்றி ஒரு மேசைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு.

ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த முகவரியைக் கொடுக்க வேண்டுமானால் ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதத்தோடு, இடத்தின் ஈபி பில் அல்லது சொத்து வரி ரசீது நகல் வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு பதிவு இருக்கலாமா என்று கொடுப்பவர் பயந்தால் சொல்லலாம்: பலர் பகிரும் அலுவலக இடத்தில் தனித்தனிப் பதிவு பெறச் சட்டத்தில் தடை இல்லை என்று 2018-லேயே கேரளத்தின் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம் ஒரு விண்ணப்பத்தில் கூறியிருக்கிறது. அத்தகைய தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் அவருடைய அதிகாரியையும்தான் கட்டுப்படுத்தும் என்றாலும், காட்டுவதற்கு ஒரு காகிதம். அதிகாரி நேரில் பார்க்க வரலாம். அப்போது மேசை இருக்க வேண்டும், பெயர்ப் பலகை இருக்க வேண்டும், ‘அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே’ என்று சொல்லாத ரிசப்ஷனிஸ்டும் இருக்க வேண்டும். நடப்புக் கணக்கு திறக்க வங்கியிலிருந்து வருகிறவரும் முதலில் பார்ப்பது பலகையைத்தான்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்பவருக்கு விதிகள் இன்னும் இறுக்கம். 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பதிவு அலுவலகத்துக்கு வெளியே பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்த வட்டார மொழி எழுத்திலும். இடத்துக்காரரின் ஆட்சேபமின்மைக் கடிதத்தோடு (என்ஓசி), இரண்டு மாதத்துக்கு மேற்படாத ஈபி பில் போன்ற ஒன்றும் கேட்பார்கள். பதிவாளர் சந்தேகப்பட்டால் நேரில் வந்து பார்க்கவும் அதிகாரம் உண்டு. மேசையே இல்லாமல் முகவரியை மட்டும் இரவல் கேட்பது இதனால்தான் கூடாது.

*

உட்கார்ந்த பிறகு வரும் சில்லறை விஷயங்களில் இரண்டைத்தான் சொல்லியாக வேண்டும். ஒன்று ஃபைல்கள். ஒரே கூடத்தில் இரண்டு தொழில் நடக்கும்போது, ஒருவரிடம் வரித் துறைச் சோதனை வந்தால் இன்னொருவரின் காகிதங்களும் குழப்பத்தில் மாட்டலாம். தனி அலமாரி, அதன் மேல் தொழில் பெயர் எழுதிய அட்டை, ஒப்பந்த நகல் ஒன்று உள்ளேயே. இன்னொன்று இணையம். அலுவலக வைஃபை கடவுச்சொல்லைப் பழைய நினைவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த நெட்வொர்க்கில் நிறுவனத்தின் சர்வர், பிரிண்டர், வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் இருக்கும். விருந்தினருக்கான தனி இணைப்பு கேட்க வேண்டும், அது இல்லையென்றால் சொந்த டாங்கிள். நாளைக்கு ஏதாவது தகவல் வெளியே போனால் முதலில் திரும்பும் பார்வை வெளியாள் பக்கம்தான்.

மறுத்துவிட்டால்? காரணம் கேட்டுக் குடைய வேண்டாம். ‘பரவாயில்லை சார், கேட்டதுக்குப் பதில் சொன்னதே சந்தோஷம்’ என்று எழுதிவிட்டு, மாதம் ஓரிரு முறை மீட்டிங் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாமா என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அதில் முகவரி இல்லை, சாவி இல்லை, ஓனரைக் கேட்பதும் எளிது. பெரிய கோரிக்கையை மறுத்தவர்கள் சின்னதுக்கு ஒத்துக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான்.

சம்மதித்தால், முதல் நாள் போகும்போதே வெளியேறும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். வெளியேறுகிற அன்று அட்வான்ஸைக் கரண்ட் பாக்கி கழித்துத் திரும்ப வாங்கி, பலகையைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கம்பெனி என்றால் பதிவாளரிடம் 30 நாட்களுக்குள் ஐஎன்சி-22 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்கு வரும் அரசு நோட்டீஸ்களைப் பழைய முதலாளியின் ரிசப்ஷனிஸ்ட்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.